பார்சல் வாசலுக்கு வந்த விலை என்ன?

கடிதம்:

"வணக்கம் மேடம். எனக்கு 31 வயது. கும்பகோணம் பக்கம் கல்யாண போட்டோ, வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு 85 எம்.எம். லென்ஸ் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இங்கே கடையில் பில்லோடு 72,000 ரூபாய் சொல்கிறார்கள். வெளிநாட்டு ஆன்லைன் கடை ஒன்றில் அதே லென்ஸ் நம் பணத்துக்கு 47,000தான் வருகிறது. வயர்லெஸ் மைக் செட்டும் ஒரு ட்ரோனும்கூட அங்கே மலிவு. மூன்றையும் சேர்த்து எடுத்தால் 60,000 ரூபாய் வரை மிச்சமாகும் போலிருக்கிறது. சாட்டில் கேட்டபோது கடைக்காரர், 'கிஃப்ட் என்று எழுதி, மதிப்பு 40 டாலர் என்று போட்டு அனுப்புகிறேன், வரி வராது' என்கிறார். என் நண்பன் அப்படி இரண்டு முறை வாங்கியிருக்கிறான். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் பொருள் வந்துவிட வேண்டும். தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் அக்கா இருக்கிறார். என்ன செய்யலாம்?"

பதில்:

தம்பி, அந்தக் கடைக்காரருக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லையே? சொல்லாமல் இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை பொறுங்கள். பணமும் கட்ட வேண்டாம். சீட்டுப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் எப்படிக் கட்டிச் சேர்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சென்னையில் கஸ்டம்ஸ் புரோக்கராக, அதாவது மற்றவர்களின் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவராக, 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். பார்சல் மாட்டிக்கொண்ட பிறகு ஓடிவருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதற்கு முன்னால் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்று பொருளில் ட்ரோனை இப்போதே கழித்துவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டிலிருந்து ட்ரோன் இறக்குமதி செய்வதற்கே தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கு மட்டும் உரிய அனுமதியோடு விலக்கு உண்டு. கல்யாண வீடியோ அதில் வராது. வரி கட்டுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள், ஏனென்றால் இது வரி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை என்பதை வைத்து, முழு ட்ரோனையே நான்கு பார்சலாகப் பிரித்து அனுப்புகிறோம் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். கல்யாணத்துக்கு ட்ரோன் வேண்டும் என்றால் இங்கேயே விற்கிற, பதிவு செய்யக்கூடிய ட்ரோனாகப் பாருங்கள். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேலே 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு தொழிலுக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது அந்த 'கிஃப்ட்' பேச்சுக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் இதற்கு இடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையான பரிசுப் பொருளுக்கு வரி இல்லை என்று விதி இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆன்லைன் கடைகள் எல்லாப் பார்சலிலும் கிஃப்ட் என்று ஒட்டி அனுப்பினார்கள். ஒரே முகவரிக்கு வாரத்துக்கு மூன்று பரிசு வந்துகொண்டிருந்தது. 2019 டிசம்பர் 12ஆம் தேதி அறிவிப்போடு அந்தச் சலுகை போய்விட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும்தான் விலக்கு. மற்றபடி உண்மையாகவே உங்கள் அக்கா அன்போடு அனுப்புகிற பரிசாக இருந்தாலும் முழு வரி கட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே, கிஃப்ட் என்று எழுதினால் வரி வராது என்று ஒரு கடைக்காரர் இன்றைக்கும் சொன்னால், ஒன்று அவருக்கு நம் ஊர் விதி தெரியவில்லை, இல்லையென்றால் தெரிந்தே சொல்கிறார். எப்படியானாலும் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பணம் அவர் கைக்குப் போய்விட்டது. பார்சலில் பெறுபவர் என்று இருப்பது உங்கள் பெயர். கேஒய்சிக்காகக் கூரியரில் கொடுத்திருப்பது உங்கள் ஆதார்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓர் இளைஞர் வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். கேமரா ஒன்றை வெளிநாட்டில் வாங்கியிருந்தார். பார்சலின் மேலே 'கிஃப்ட், 25 டாலர்' என்று ஒட்டியிருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்ததுமே அதிகாரி பார்சலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். பெட்டியை மேசையில் வைத்துப் பிரித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். மேல் அட்டை, பபிள் கவர், கேமரா பெட்டி, அதற்கும் கீழே வெள்ளைத் தெர்மாகோல். அந்தத் தெர்மாகோலுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். கடைக்காரரின் கிடங்கில் பேக் செய்தவர், எப்போதும் வைப்பது போல உண்மையான பில்லையும் உள்ளே வைத்துவிட்டார். அதில் விலை 900 டாலருக்கு மேல். அதிகாரி அந்தத் தாளை விரித்து மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டு, மேலே ஒட்டியிருந்த சீட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பில் உள்ளே இல்லாவிட்டாலும் மாடல் எண்ணைப் போனில் தட்டினால் விலை வந்துவிடும். சொன்ன மதிப்பில் சந்தேகம் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் மதிப்பைக் கணக்கிட, 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. மதிப்பைப் பொய்யாகச் சொன்னால் சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவில் பொருளைப் பறிமுதல் செய்யலாம், 112ஆம் பிரிவில் அபராதம் போடலாம். பொருளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால் 125ஆம் பிரிவின்படி மீட்புத் தொகை தனியாகக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே வரி. இவ்வளவும் முடிகிறவரை கூரியர்காரர்களின் கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தப் பையன் கடைசியில் கட்டிய மொத்தத் தொகைக்கு இங்கேயே அதே கேமராவை வாங்கிவிட்டு, ஒரு லென்ஸும் வாங்கியிருக்கலாம்.

உங்கள் நண்பருக்கு இரண்டு முறை வந்தது என்றால், அந்த இரண்டு முறையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். மூன்றாவது முறைக்கு அது உத்தரவாதம் ஆகாது. இன்னொரு கோணமும் இருக்கிறது. வழியில் பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு 40 டாலருக்குத்தான் கேட்க முடியும். 47,000 ரூபாய் லென்ஸுக்கு நாமே 40 டாலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சரி, நேர் வழியில் வாங்கினால் என்ன ஆகும்? இதைத்தான் நீங்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வலைத்தளத்தில் தெரிகிற 47,000 என்பது வெறும் பொருளின் விலை. சுங்கத்தில் வரி போடுவது அதன்மேல் மட்டும் இல்லை. பொருள், அனுப்புக் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி, அதை டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றித்தான் கணக்கு ஆரம்பிக்கும். அந்த மாற்று விகிதமும் உங்கள் போனில் தெரிவது இல்லை, சுங்க வாரியம் அறிவிப்பது. காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று பில்லில் இல்லாவிட்டால் பொருள் விலையில் 1.125 சதவீதம் என்று அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் லென்ஸுக்கு இதெல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 50,000 மீது முதலில் அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியின்மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. பிறகு இந்த மூன்றும் சேர்ந்த தொகையின்மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜிஎஸ்டி. வரியின்மேலும் வரி விழுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத இடம். சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்குப் பல ஆண்டுகள் அடிப்படை வரி 35 சதவீதம், ஐஜிஎஸ்டி 28 சதவீதம் என்று இருந்தது. அந்தக் கணக்கில் 17,500, அப்புறம் 1,750, அதோடு 19,390 என்று ஏறி, 50,000 ரூபாய்ப் பொருள் 88,640 ஆகிவிடும். மொத்தம் 77.28 சதவீதம். 'வெளிநாட்டில் வாங்கினால் பாதிக்குப் பாதி வரி' என்று பேசிக்கொள்வார்களே, உண்மையில் அது முக்கால் பங்குக்கும் மேலே இருந்தது.

இப்போது அந்த நிலை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 28 சதவீத அடுக்கு பெரும்பாலும் எடுபட்டபோது இந்தப் பொருட்கள் 18 சதவீதத்துக்கு வந்தன. சொந்த உபயோகப் பொருளுக்கான அடிப்படைச் சுங்க வரியும் 35லிருந்து இடையில் 20 ஆகியிருந்தது, 2026 பட்ஜெட்டில் அதை 10 சதவீதமாகக் குறைப்பதாக நிதியமைச்சர் அறிவித்தார். 10, 18 என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் 50,000 ரூபாய் லென்ஸ் 65,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். உங்கள் பார்சல் வந்து சேரும் நாளில் என்ன விகிதமோ அதுதான் உங்களுக்கு. ஆகவே ஆர்டர் போடுகிற அன்று சுங்க வாரிய வலைத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இதோடு முடியவில்லை. டாலரில் கட்டும்போது கார்டு கொடுத்த வங்கி மாற்றுக் கட்டணம் என்று பிடிக்கும். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 50,000க்கு 1,750, அதோடு 315, ஆக 2,065 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் 'ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி டாலரிலேயே கட்டுங்கள். அங்கே அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கும். அப்புறம், நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் கம்பெனி ஒரு கட்டணம் வாங்கும். அது எவ்வளவு என்று ஆர்டர் போடுவதற்கு முன்பே அவர்களுடைய கட்டணப் பட்டியலில் பாருங்கள். எல்லாம் கூட்டினால் உங்கள் லென்ஸ் வாசலுக்கு வரும்போது 68,000, 69,000 ஆகிவிடும். இங்கே கடையில் 72,000. நீங்கள் 25,000 ரூபாய் என்று நினைத்த மிச்சம் மூவாயிரம், நாலாயிரத்தில் வந்து நிற்கிறது.

இது சொந்த உபயோகக் கணக்கு. உங்கள் விஷயம் அது இல்லை. கல்யாணத்துக்குப் படம் எடுத்துக் காசு வாங்குகிறீர்கள், அதற்கான கருவி இது. தொழிலுக்காக இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஐஇசி எண் வேண்டும். இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்கு மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் கொடுக்கிற எண் அது. அவர்களுடைய வலைத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைப் புதுப்பித்தால் போதும். அந்த எண்ணோடு வரவழைக்கும்போது சொந்த உபயோக விகிதம் பொருந்தாது. லென்ஸுக்கென்று சுங்கப் பட்டியலில் உள்ள விகிதம்தான். பட்டியலில் சரியான தலைப்பைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் வேலை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உங்கள் ஜிஎஸ்டி கணக்கைப் பார்ப்பவரிடம் கேட்டால் சொல்வார்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இருப்பதால், சுங்கத்தில் கட்டுகிற ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். கூரியர்காரர்கள் தானாகவே சொந்த உபயோகம் என்று போட்டுவிட்டால் அந்த வரவு போச்சு, பிறகு திருத்துவது பெரும்பாடு. பார்சல் கிளம்பிய அன்றே அவர்களுக்கு மின்னஞ்சலில் ஐஇசி, ஜிஎஸ்டி எண் இரண்டையும் அனுப்பிவிடுங்கள். கூடவே இதையும் பாருங்கள். இங்கே கடையில் 72,000க்கு ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினால் அதிலும் 10,983 ரூபாய் வரி உள்ளே இருக்கிறது, அதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நிஜ விலை 61,000 சொச்சம்தான். உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு விலையையும் இப்படி வரி கழித்து ஒப்பிடச் சொல்லுங்கள். (சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் நீங்கள் இருந்தால் இந்த வரவு கிடைக்காது.)

அடுத்தது மைக். அதை இங்கேயே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். காரணம் விலை இல்லை. வயர்லெஸ் மைக் என்பது ஒரு சின்ன ரேடியோ நிலையம். எந்த நாட்டில் எந்த அலைவரிசையை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலேயே 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியைச் செல்போன் நிறுவனங்களுக்கு விற்றுவிட்டு, 2020 ஜூலைக்குப் பிறகு அதில் பெரும்பாலான இடத்தில் மைக் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே பழைய இருப்பாகத் தேங்கின சரக்கு மலிவு விலையில் இங்கே வந்து சேரலாம். நம் நாட்டில் 700 மெகாஹெர்ட்ஸ் 2022 ஏலத்தில் 5ஜிக்குப் போய்விட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் மந்திரத்துக்குப் பதில் உங்கள் மைக்கில் கரகர சத்தம் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிற மைக்குக்கு அந்தப் பிரச்சினை குறைவு. ஆனாலும் ரேடியோ உள்ள எந்தக் கருவிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வகை ஒப்புதல் ஒன்று கேட்கிறது. இந்தியாவில் முறையாக விற்கிறவர் அதை வாங்கி வைத்திருப்பார். ஒற்றை மைக் வரவழைக்கிற நீங்கள் அதற்கு அலைய முடியாது. மைக்கில் லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதலே தடை. பொருளுக்குள் இருக்கும் பேட்டரிக்கும் பேக்கிங், லேபிள் என்று கட்டுப்பாடுகள் உண்டு. அது சரியாக இல்லாத பார்சல்கள் வழியிலேயே நின்றுவிடும். ஆவணி முகூர்த்தத்தை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

லென்ஸ் வேறு மாதிரி. அதில் பேட்டரி இல்லை, ரேடியோ இல்லை, மின்சாரத்தில் சொருகவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாங்க உகந்த பொருள் என்று ஒன்றைச் சொன்னால் லென்ஸைத்தான் சொல்வேன். மற்றக் கருவிகளுக்கு நான் எப்போதும் முதலில் பார்ப்பது சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்துகளை. '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டுக்குத் தாங்கும், பிளக் அடாப்டர் ஒன்று போதும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கு, '100 வோல்ட்' மட்டும் என்றால் ஜப்பானுக்கு. இங்கே சொருகினால் ஒரு புகையோடு முடிந்துவிடும். கடை வலைத்தளத்தில் சார்ஜரின் படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

போன் பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறீர்கள், ஆகவே இங்கேயே இரண்டு வரி. இந்தியாவில் மொபைல் போனுக்கு 2017 ஜூலை முதல் 10 சதவீத சுங்க வரி போட்டார்கள். அதே டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20 என்று ஏற்றினார்கள், 2024 ஜூலையில்தான் 15க்கு இறக்கினார்கள். உள்நாட்டில் தயாரிக்க வேண்டும் என்பதற்காகவே போட்ட வரி அது. வெளிநாட்டுப் போனுக்கு வேறு தலைவலியும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் 14ஆம் வரிசை தொடங்கி சிம் கார்டு போடுகிற இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். லேப்டாப் என்றால் 2023 ஆகஸ்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோதும், சொந்தத்துக்கு ஒன்றே ஒன்று ஆன்லைனில் வாங்கி வரவழைக்க விலக்கு கொடுத்தார்கள். பழைய கணினி, பழைய லேப்டாப் வாங்கி அனுப்பச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும்.

உங்கள் லென்ஸுக்குத் திரும்புகிறேன். மூவாயிரம், நாலாயிரம் மிச்சத்துக்காக வாங்கலாமா என்று கேட்டால், நான் உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்பேன். உலக உத்தரவாதமா, அந்த நாட்டுக்கு மட்டுமா? உற்பத்தி செய்த நிறுவனத்தின் இந்திய சர்வீஸ் சென்டருக்கு சீரியல் எண் வரிசையைச் சொல்லிக் கேளுங்கள். 'இங்கே வாங்காததைத் தொடமாட்டோம்' என்று சொல்லிவிட்டால், ஃபோகஸ் மோட்டார் ஒன்று போனாலும் திரும்ப வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது வெறுமனே பார்சலில் போட்டுவிடாதீர்கள். 'ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வருகிறது' என்று சீரியல் எண்ணோடு சுங்க ஆவணத்தில் பதிந்து அனுப்பினால், திரும்பி வரும்போது ரிப்பேர் செலவு, போக வரக் கூலி, காப்பீடு இவற்றின்மேல் மட்டும் வரி. பதியாமல் அனுப்பினால் அது புதிய லென்ஸாகவே கருதப்பட்டு முழு வரி கேட்கப்படலாம்.

வாங்கித்தான் ஆவது என்று முடிவு செய்தால், பார்சல் வந்த அன்றே பிரியுங்கள். பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ளதும் ஒன்றுதானா என்று அதிலேயே தெரிய வேண்டும். அப்புறம் ஒரு தினத்தாளை முழுசாக விரித்துச் சுவரில் தட்டையாக ஒட்டி, முக்காலியில் கேமராவை நேராக வைத்து, லென்ஸின் ஒளித்துளையை (அப்பர்ச்சர்) முழுசாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. புதியது என்று விற்றதில்கூட நான் பார்த்திருக்கிறேன்.

அன்றே ஏன் என்றால், சுங்கச் சட்டத்தில் 26ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொருள் பழுதாகவோ, கேட்டதற்கு மாறாகவோ வந்திருந்தால், கிளியரன்ஸ் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்து, கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தியிருக்கக் கூடாது. நாலு கல்யாணம் எடுத்துவிட்டு மூலை மங்குகிறது என்றால் நடக்காது. பழுதே இல்லாமல் பயன்படுத்தாததைத் திருப்பி அனுப்பினாலும் 74ஆம் பிரிவில் 98 சதவீதம் வரை வரி திரும்பும். இதற்கெல்லாம் அடிப்படை, உங்கள் கையில் உண்மையான விலையோடு ஒரு பில் இருப்பதுதான். 40 டாலர் கிஃப்ட் என்று வந்த பொருளுக்கு எதைக் காட்டித் திரும்பக் கேட்பீர்கள்?

ஆர்டர் போட்ட பிறகு உங்கள் போனுக்கு நிறைய செய்திகள் வரும். 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்கில் பணம் கட்டுங்கள்' என்பார்கள். எந்தப் பார்சலும் ஆர்டர் செய்யாதவர்களுக்கே வருகிறது என்றால், எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற நீங்கள் எளிதாக ஏமாந்துவிடுவீர்கள். சுங்க அதிகாரி யாரும் சொந்த வங்கிக் கணக்கிலோ யுபிஐயிலோ பணம் கேட்கமாட்டார். துறை அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்று ஓர் ஆவண அடையாள எண் இருக்கும், சுங்க வாரிய வலைத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். கூரியருக்கு வரி கட்டுவதென்றாலும் வந்த லிங்கைத் தொடாமல், அவர்கள் வலைத்தளத்தை நீங்களே திறந்து டிராக்கிங் எண்ணைப் போட்டுக் கட்டுங்கள். அஞ்சலில் வந்தால் தபால்காரர் வீட்டில் கொடுக்கும்போது வரியை வாங்கிக்கொள்வார்.

சிங்கப்பூர் அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் ஊருக்கு வரும்போது ஒரு லென்ஸ் கையில் எடுத்து வரலாம். 2026 பிப்ரவரி முதல் வந்த புதிய பயணச் சாமான் விதிகளில் வரியில்லா வரம்பு 50,000லிருந்து 75,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதற்குள் அவர் கொண்டுவரும் மற்றப் பொருட்களும் அடங்கும் என்பதை மறக்காதீர்கள். வரம்பு தாண்டினால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். பில்லைக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூர் விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்குச் சாங்கி விமான நிலையத்தில் அது திரும்பக் கிடைக்கும், அங்கேயே குடியிருக்கிற அக்காவுக்குக் கிடைக்காது. இதையும் கணக்கில் எழுதுங்கள். இன்னொன்று, இந்த வரம்பு பயணியின் சொந்தச் சாமானுக்கும் பரிசுக்கும் உரியது. அக்கா தம்பிக்கு ஒரு லென்ஸ் கொடுப்பது அதற்குள் வரும். கும்பகோணத்து போட்டோகிராபர்கள் எல்லோருக்கும் சேர்த்து நாலு லென்ஸ் எடுத்து வரச் சொன்னால் வராது.

என்னைக் கேட்டால், ஆவணிக்குள் வேண்டும் என்பதால் மைக்கை இந்த வாரமே இங்கே பில்லோடு வாங்கிவிடுங்கள். லென்ஸுக்கு 72,000 சொன்ன கடையில் இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள். வெளிநாட்டு விலையைக் காட்டி, ஜிஎஸ்டி பில்தான் வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் இரண்டாயிரமாவது குறைப்பார்கள். அக்கா ஆவணிக்கு முன் வருவதாக இருந்தால் அவர் வழி. இரண்டும் நடக்காவிட்டால் மட்டும் ஐஇசி எடுத்து நேர் வழியில் ஆர்டர் போடுங்கள்.

அந்தக் கடைக்காரருக்கு இன்றைக்கே பதில் எழுதிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்: 'ட்ரோனும் மைக்கும் வேண்டாம். லென்ஸ் வாங்கினால் கிஃப்ட் என்று போட வேண்டாம், நான் கட்டும் முழு விலையையும் அனுப்புக் கூலியையும் தனித்தனியாகப் போட்ட இன்வாய்ஸைப் பார்சலுக்கு வெளியே ஒரு பிரதியும் உள்ளே ஒரு பிரதியும் வையுங்கள். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் சொல்லுங்கள்.' அதற்கு அவர் என்ன பதில் போடுகிறார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.